பதினொரு நாள்

நவம்பர் 10, திங்கள். மழை, விட்டுவிட்டு.

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிக்கவும், பக்கத்தில் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டவரே. உங்களுக்குக் காலை ஷிப்டு. எனக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை ஸ்கேன். குழந்தையின் முதுகுத்தண்டு கீழே ஓரிடத்தில் மூடவில்லை. நரம்பு வெளியே. தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்ட ஸ்கேன். தள்ளிப்போட்டது நான்தான். வயிற்றில் இருக்கும்போதே ஆபரேஷன் செய்து மூடினால் பிள்ளை நடக்க வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டர். சென்னையில் செய்கிறார்களாம். 26 வாரம் முடிவதற்குள்.

இன்று அந்தச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன், ஏழு தடவை. எட்டாவதில் ஒரு சிஸ்டர் எடுத்தார். கர்ப்பிணி கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பதில்: "இன்னியோட இருபத்தாறு முடியுதேம்மா. இனிமே பொறந்தப்புறம்தான் பண்ணுவாங்க."

கார்டில் இருக்கும் தேதி பொய். எழுதவைத்தவள் நான்.

நவ. 11, செவ்வாய். மழை. துணி எதுவும் காயவில்லை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். மூத்தவள் யாழினிக்கு டெங்கு வந்தபோது அத்தை வேண்டிக்கொண்டார், அவள் பிழைத்தால் நான் தீ மிதிப்பதாக. காப்புக் கட்டிப் பத்து நாள் விரதம். மே 23 தீமிதி. அன்று காலை எனக்குத் தீட்டு. மஞ்சள் புடவை கட்டியாகிவிட்டது, சொந்தமெல்லாம் வந்தாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இறங்கினேன்.

பிறகு ஹெல்த் சென்டரில் பெயர் பதியும்போது, கடைசியாக விலக்கான தேதி கேட்டார் நர்ஸ். பக்கத்தில் அத்தை. காப்புக் கட்டியதற்கு முந்தின நாளைச் சொன்னேன். மே 12.

பதினொரு நாள். நிஜத்தில் இன்று 24 வாரம் 4 நாள்.

முதல் ஸ்கேன் எடுத்திருந்தால் அதிலேயே சரியான வாரம் தெரிந்திருக்கும். ஆரம்பத்தில் வயிற்றில் மெஷின் வைக்கக் கூடாது என்றார் அத்தை, நானும் தலையாட்டினேன். படித்தது பி.காம். சனிக்கிழமை டாக்டர், குழந்தை கணக்குக்குச் சின்னதாக இருக்கிறது, இந்தக் குறையில் தலை அப்படித்தான் இருக்கும் என்றார். அப்போதும் அத்தை பக்கத்தில். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று தனியாக ஹெல்த் சென்டர். நர்ஸுக்குக் கோபம். "இன்னாம்மா, இவ்ளோ நாளு கழிச்சி வந்து தேதிய மாத்துன்ற. ஒங்க மாமியா அன்னிக்கு பக்கத்துலதான குந்தினிருந்தாங்க. அவங்கள இட்டுனு வா, கேட்டுட்டு எழுதறன்."

வயிறு என்னுடையது. சாட்சிக்கு அவர் வரவேண்டுமாம்.

வாங்க: உளுந்து, மிக்ஸி ஜார் வாஷர், யாழினிக்குக் குடை.

நவ. 12, புதன். கொஞ்சம் வெயில்.

சொல்லிவிட்டேன். இவரும் கூட நின்றார். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு:

"நெருப்புல எறங்கனப்ப ஒன் காலு சுடல. இப்ப புள்ள காலக் கேக்கறா ஆத்தா."

இவர் சத்தம் போட்டார். நீ சும்மா இருடா என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டார். யாரும் சாப்பிடவில்லை. கீரை அப்படியே.

நான் நம்பவில்லை. இதை எழுதும்போது கை வயிற்றின் மேல். உதைக்கிறதா என்று பார்க்கிறேன். பிரண்டது போல இருந்தது. காலா, கையா, தெரியவில்லை.

நவ. 13, வியாழன். காலையிலிருந்தே மழை.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் அத்தை, செருப்பு மாட்டிக் குடையோடு. நானும் கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹெல்த் சென்டரில் தடுப்பூசி நாள், அத்தனை பேர் முன்னால் நர்ஸிடம்: "அவ தீட்டோடதான் தீ மெரிச்சா. இருவத்திமூணுன்னு எழுதும்மா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸ் பழைய தேதியை அடித்தார். டாக்டர் கையெழுத்துக்கு மதியம் வரை பெஞ்சில். வரும்போது எனக்கு முன்னால் நடந்தார். குடை அவரிடம். நான் நனைந்தேன்.

சென்னைக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

சிஸ்டர், திருத்திய கார்டு அனுப்பியிருக்கிறேன். தேதியைத் தப்பாகச் சொன்னது நான்தான். இன்று 24 வாரம் 6 நாள். 26 முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நாளைக்கே கிளம்பி வருகிறோம், வரலாமா என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.