பறித்த நாரத்தம்பழம்

அன்புள்ள ஃப்ரேடலுக்கு,

இறைவன் அருளால் இத்தாலியில் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? ஜெருசலேமில் வெயில் தணிந்ததா?

பயப்படும்படி ஒன்றுமில்லை, எனக்குத்தான் ஒன்று புரியவில்லை. கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தித் துதி சொல்வதற்காக எங்கள் முதலாளி வருடாவருடம் நாரத்தை வாங்கும் நுன்சியோவின் தோட்டத்தில், செவ்வாயன்று மாசுமருவில்லாத பழம் ஒன்றைக் கண்டேன். நமக்கென்று பறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திருடிய பழத்தை ஏந்திச் சொல்லும் துதி கடவுளை வைவதற்குச் சமம் என்று படித்தவன்தானே நான்! மறுநாள் நுன்சியோவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அட, ஒரு காய்க்கா இந்த முகம்? வெச்சுக்கய்யா!" என்று சிரித்தார்.

பாதி வழியில் உறைத்தது. மருவில்லாத பழத்தின் விலை தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா? தெரியாதவரிடம் வாங்கிய மன்னிப்பும் ஏமாற்றுதானே? திரும்பிப் போய், ஜெருசலேமில் அது என்ன விலை போகும் என்று சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. "ஒத்தப் பழத்துக்கா? உங்க முதலாளி கூடையையே அந்த விலைக்குத்தானய்யா எடுக்கறாரு!"

பழத்தை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

நுன்சியோ விலையைக் கூட்டிக் கேட்டதும், "உன்ன யாருடா வாயத் திறக்கச் சொன்னது?" என்று கத்திய முதலாளி, இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. என் திருட்டைத் திருப்பிக் கொடுத்தேனா, சோறு போடுகிறவரைக் காட்டிக்கொடுத்தேனா?

கம்பளிக் காலுறையும் நீ சுட்ட எள் ரொட்டியும் அனுப்பு. ரொட்டியை உன் பழைய தலைத்துணியில் சுற்றினால் போதும்.

கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது. நான் செய்தது சரியா என்று நம் வேதகுரு ரபியிடம் கேட்டு எழுது. செய்தவன் யாரென்று மட்டும் சொல்லிவிடாதே.

உன்
செலிக்