சீமோனுக்கு மூட்டிய அடுப்பு

ஹாலிஎல
2025 ஜனவரி 6

அன்பு நிஷாலினிக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய், அக்கா வீட்டில் என்ன குறை? போனில் நான் கத்துவேன், கடிதத்தில் கத்த முடியாது, அதனால் எழுதித்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாய். சரி, எழுதுகிறேன். உன் பல்லி சாகப்போகிறது.

தோட்டத்துப் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பராக் கதவில் கால் நசுங்கிக் கிடந்ததைத் தூக்கி வந்து, மீன் தொட்டியில் விட்டு, சீமோன் என்று பெயரும் வைத்தவள் நீ. கோபித்துக்கொண்டு லுணுகலைக்குப் போகும்போது அதையும் கொண்டுபோயிருக்கலாமே? திடீரென்று தின்பதை விட்டுவிட்டது. கரப்பான் குஞ்சு போட்டாலும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வயிறு உப்பி, நிறம் சாம்பலாகிவிட்டது. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். மாட்டு டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு இருந்தா கொண்டுவாங்க" என்றார். பக்கத்து வீட்டு செசிலி அக்கா தீர்த்தம் தெளித்தார். அதற்கும் அசையவில்லை.

என்ன செய்வது என்று உடனே எழுது. எனக்கு ஆபீஸ் வேலையே தலைக்குமேல் கிடக்கிறது.

றொபின்சன்

லுணுகலை
ஜனவரி 10

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இருமல்தான் விடமாட்டேன் என்கிறது.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து சீமோனின் வாயோரம் வையுங்கள். தொட்டியை இடம் மாற்றினீர்களா? தேயிலைக்குள் பிடித்த பூச்சியைப் போட்டீர்களா? மருந்து அடிக்கிற இடத்துப் பூச்சி வேண்டாம் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! அது பிழைக்க வேண்டும். அந்த வீட்டில் நான் வரும்போது தலை தூக்கிப் பார்த்த ஜீவன் அது ஒன்றுதான்.

நிஷாலினி

ஹாலிஎல
ஜனவரி 14

நிஷாலினிக்கு,

என்னைக் கொஞ்சமாவது நம்பு. தொட்டி நீ வைத்த இடத்தில், குசினி அடுப்புக்கு மேலே சுவர்த் தட்டில்தான் இருக்கிறது. தேயிலைப் பூச்சி ஒன்றும் கொடுக்கவில்லை, அந்தோனியார் சத்தியம். நான் என்ன அதைக் கொல்லவா பார்க்கிறேன்?

இங்கே ஒரே மழை, குளிர். குசினிக்குள் கால் வைக்க முடியவில்லை. எனக்கு இரண்டு வேளையும் ஷிராஸ் கடைச் சாப்பாடு, காலையில் கரண்ட் கேத்தலில் தேத்தண்ணி. கொத்து ரொட்டி தின்று என் வயிறும் உப்பிவிட்டது. அதை யார் கேட்கிறார்கள்?

றொபின்சன்

லுணுகலை
ஜனவரி 17

அன்புள்ள உங்களுக்கு,

நோய் தெரிந்துவிட்டது. நான் இங்கே வந்த நாளிலிருந்து நீங்கள் அடுப்பே மூட்டவில்லை. பல்லிக்குச் சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. அதற்காகத்தானே அந்தத் தட்டில் வைத்தேன்?

காலையும் மாலையும் அடுப்பு மூட்டுங்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சி பின்பக்கம் கட்டுக் கட்டாக இருக்கிறது. பெரிய நெருப்பு வேண்டாம். ஊதுகுழல் கதவுக்குப் பின்னால். அது எங்கே என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நிஷாலினி

ஹாலிஎல
ஜனவரி 24

அன்பு நிஷாலினிக்கு,

சீமோன் பிழைத்துவிட்டான்! முதலில் எச்சம் போட்டான். நான் தனியாக நின்று கை தட்டினேன். நேற்று ஒரு கரப்பான் குஞ்சைத் தின்றுவிட்டு, டிக் டிக்கென்று கத்தினான்.

என் கண்தான் புகையில் வீங்கிவிட்டது. காலைப் பெரட்டுக்கு வேலையாட்கள் கூடுமுன்பே எழுந்து, ஈர மிலாறோடு மல்லுக்கட்டி... இந்தச் சனியனை நீ எப்படித்தான் தினமும் மூட்டினாய்? நெருப்பு வீணாகிறதே என்று சோறும் பருப்பும் வைத்துப் பார்த்தேன்.

இனி வந்துவிடேன்.

றொபின்சன்

லுணுகலை
ஜனவரி 28

அன்புள்ள உங்களுக்கு,

சீமோன் பிழைத்தது சந்தோஷம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழவில்லை.

போன மார்கழியில் காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தேன். கதவோரம் நின்று என்ன கேட்டீர்கள்? "இன்னிக்கி தேத்தண்ணி இல்லியா?" ஒரு குச்சி எடுத்து அடுப்பில் வைக்கவில்லை. செசிலி அக்காதான் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு பல்லிக்காக இரண்டு வேளையும் ஊதுகுழல் ஊதினீர்களே. அதற்கு வாய் திறந்து கேட்கவும் தெரியாது. நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு றோய் அத்தான் அங்கே வருவார். தொட்டியைத் துணியால் சுற்றிக் கொடுத்து அனுப்புங்கள்.

நிஷாலினி

ஹாலிஎல
பெப்ரவரி 2

நிஷாலினி,

றோயிடம் சீமோனைக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் குளிர் என்று அவரிடம் சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. சீமோன் போய்விட்டால் நான் மறுபடியும் ஷிராஸ் கடைக்கே போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது.

அவரிடம் சோற்றுப் பார்சல் ஒன்று கொடுத்திருக்கிறேன். சோறு அடிப்பிடித்துவிட்டது, பருப்பில் உப்பு அதிகம். திட்டிக்கொண்டே சாப்பிடு. நீ வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கும் அடுப்பு எரியும்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் படித்தேன். முதல் கடிதத்திலேயே இருமல் என்று எழுதியிருக்கிறாய். இன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. இப்போது எப்படி இருக்கிறது?

றொபின்சன்