ஏழாம் நம்பர் சீட்டு

சின்சினாட்டி
அக்டோபர் 8, 1972

அன்புள்ள வெண்டல்,

நலமா? சான் பிரான்சிஸ்கோவில் உன் கல்யாண உடுப்புக் கடை நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. இன்னும் அதே ஆண்கள் தையற்கடையில்தான் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் திருத்துவதில்லை.

நம் பழைய ஆட்டக் குழுவைப் பற்றிப் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி எழுதப்போகிறாள், பழைய படங்கள் இருந்தால் அனுப்பு என்று கேட்டிருந்தாய். ஆறு படங்கள் வைத்திருக்கிறேன். ஏதோ இருட்டில் ஒளிந்து ஆடிய கூட்டம் என்று அவள் எழுதிவிடப் போகிறாள், பார்த்துக்கொள். பதினாறு பேர் வாத்தியம் வாசித்தார்கள், சர்ச்சுக்குப் போட்ட உடுப்போடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள், மாமியார்கள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல். தலையில் அத்தனை பெரிய தீக்கோழி இறகுக் கிரீடத்தோடு, கைப்பிடியைத் தொடாமல் இருபது பேரும் படிக்கட்டில் இறங்குவீர்களே, அதையும் சொல். அப்படி இறங்க ராணிகளுக்கே வராது.

படம் தேடப் பெட்டியைத் திறந்தேன். அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். பதினேழு வருடமாக அதனால்தான் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருந்தேன். வெண்டல், நான் உனக்கு ஒரு துரோகம் செய்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

மேடையில் இருபத்தொரு பேர், அதில் ஒருத்தி மட்டும் பெண், கண்டுபிடியுங்கள் என்று சுவரொட்டி அடித்து ஊரையே இழுப்போம். எல்லாருக்கும் ஒரு சீட்டு. ஒன்று முதல் இருபது வரை நம்பர் கட்டி அழகி வேஷம் போட்ட உங்கள் இருபது பேரையும் உற்று உற்றுப் பார்த்து எழுதுவார்கள். பாதிப் பேர் ஏழு என்று எழுதுவார்கள், அது நீ. கோட்டும் மீசையுமாக அறிவிப்புச் செய்கிற என்னை ஒரு ஆள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. கடைசிப் பாட்டில் நான் ஒட்டுமீசையைப் பிய்த்து, அந்த ஒருத்தி நான்தான் என்று காட்டியதும் கொட்டகை இரண்டுபடும்.

யங்ஸ்டவுனில் ஐம்பத்தைந்தாம் வருடம், ஞாயிறு மதியக் காட்சி. இடைவேளையில் தொப்பியில் சீட்டு வாங்கிக்கொண்டே வருகிறேன். மூன்றாவது வரிசை ஓரத்தில் நீலத் தொப்பி வைத்த ஒரு அம்மா என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுல எது நிஜப் பொண்ணுன்னு எனக்குத் தெரியல தம்பி. ஆனா அந்த ஏழு என் பையன்," என்றார்.

அது உன் அம்மா.

நீ எழுதிய கடிதங்களை அவர் கண்ணாலேயே பார்த்ததில்லையாம். உன் அப்பாதான் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார். இனி சர்ச் விலாசத்துக்கு எழுதச் சொல்லுங்கள் என்று சீட்டின் பின்னால் விலாசம் எழுதிக் கொடுத்தார். அப்பா மில்லிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று பஸ்ஸுக்கு எழுந்தவர், திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்: "அந்த வெள்ளி கவுன் அவனே தச்சதுதானே? இடப்பக்கம் ஓரம் ஒரு விரல் இறங்கியிருக்கு, சொல்லிடுங்க." நான் மீசையைப் பிய்த்தபோது அந்த நாற்காலி காலி.

சீட்டைத் தொப்பியில் போடவில்லை. கோட்டுப் பைக்குள் வைத்தேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் திரும்பி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ அழுதாய். அம்மா ஒரு வார்த்தை கூப்பிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய் மில்லில் சேர்ந்துவிடுவேன் என்றாய். அந்த ஊரில் உன்னை உயிரோடு விடமாட்டார்கள், உன்னைக் காப்பாற்றத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பொறாமைடா. எத்தனை ஊர் ஆடினோம், என்னைத் தேடி ஒரு ஈ காக்கை வந்ததில்லை. போகிற இடமெல்லாம் வீட்டுக்காரிகள் நம்மை அண்ணன் தம்பி என்று நினைப்பார்களே, எனக்கு இருந்த குடும்பம் அது ஒன்றுதான். நீ போய்விட்டால் எனக்கு யார்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். அம்மா உன்னைக் கைகழுவிவிட்டார் என்று நீ சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

போன மாதம் பெட்டியைத் திறந்த அன்றே, அந்தச் சீட்டிலிருந்த சர்ச் விலாசத்துக்கு எழுதினேன். செல்மா என்கிற அம்மாள் பதில் போட்டிருக்கிறாள். உன் அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. அம்மா இருக்கிறார், வெண்டல். எண்பத்தொரு வயது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதாம், இந்தக் குளிர்காலம் தாண்டுவதே கஷ்டம் என்கிறாள். பல வருடம் ஒவ்வொரு ஞாயிறும் பிரார்த்தனை முடிந்ததும் தனக்கு ஏதாவது தபால் வந்திருக்கிறதா என்று கேட்பாராம். நாலு வருடத்துக்கு முன் கண் போனபிறகுதான் கேட்பதை நிறுத்தினாராம்.

இந்த வரியை எழுதிவிட்டு நான் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அவர் உன்னைக் கடைசியாகப் பார்த்தது அந்த வெள்ளி கவுனில்தான். செல்மாவிடம் அதைச் சொல்லிச் சொல்லி, அவளுக்கு அந்தக் கவுன் மனப்பாடமே ஆகிவிட்டதாம்.

உன் விலாசத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். விலாசம் மாறவில்லை, சர்ச்சுக்கு எதிர்வீடுதான் செல்மாவின் வீடு. அம்மா அங்கேதான் இருக்கிறார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. பதிலும் போட வேண்டாம். என்னைத் திட்ட ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது, இந்த வாரம் அதற்குச் செலவழிக்காதே. கடையை மூடிவிட்டு அந்தக் கவுனோடு புறப்படு. அவரால் பார்க்க முடியாது, தொட்டுப் பார்க்கட்டும்.

அன்று காட்சி முடிந்ததும் உன் கவுன் இடப்பக்கம் ஒரு விரல் இறங்கியிருக்கிறது என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா? உனக்கு எப்போதிருந்து தையல்காரி கண் வந்தது என்று கேலி செய்துகொண்டே பிரித்துத் தைத்தாயே. அது என் கண் இல்லை, வெண்டல். ஓரத்தை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன் என்று அவரிடம் சொல். அவர் சொல்லியனுப்பியதில் அது ஒன்றாவது உன்னிடம் வந்து சேர்ந்தது என்று அவருக்குத் தெரியட்டும்.

நல்லபடியாகப் போய்ச் சேர்.

பதினேழு வருடம் தாமதமாக வந்த தபால்காரி,
வெர்னா