நினிவேக்கு வெளியே மூன்று வருடம்

ஒடுகத்தூர்
12.2.1979

அன்பு மகளுக்கு,

நீ அந்த மலைக்காரனைக் கட்டிக்கொண்டு போன அன்று, "ஒரே வருசத்துல அழுதுக்கினு எறங்கி வருவ" என்று சபை முழுவதும் கேட்கச் சொன்னேன். அதில் தப்பில்லை. தீர்க்கதரிசிகளும் அப்படித்தான் எச்சரித்தார்கள். உபதேசியாரான என் வேலையே அதுதான்.

வெள்ளிக்கிழமை சந்தையில், புளிக்கூடையோடு உன் மாமியார் வழிமறித்தார்.

"இன்னா சம்பந்தி, உங்க பொண்ணு நல்லாத்தான் கீறா. பேரன் ரெண்டு கையாலயும் சாமச்சோத்த வாரித் துன்றான். வந்து பாருங்க."

புளி விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நேற்று யோனா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம். நினிவே பட்டணம் அழியும் என்று அறிவித்துவிட்டு, அதைப் பார்க்க ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தவர் அவர். ஊர் திருந்தியது, அழியவில்லை. அவருக்கு ஒரே கோபம். மூன்று வருடமாக மலையிலிருந்து வரும் பஸ்ஸை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வலது கை இடது கை தெரியாத குழந்தைகள் அங்கே இருக்கிறார்களே, நான் இரங்காமல் இருப்பேனா என்று ஆண்டவர் யோனாவிடம் கேட்கிற இடம் வந்தது. வேதபுத்தகத்தை அங்கேயே மூடினேன். பாட்டுப் பாடச் சொல்லி முடித்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என் முழங்காலுக்கு ஏற்றம் ஆகாது. மாப்பிள்ளையை பஸ் நிற்கும் இடத்துக்கு வரச் சொல்.

நான் வந்து பார்க்கும்வரை, சாப்பிடும் கை எது என்று பையனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உன் அப்பா