நீ எழுதாத கதை

மாமு,

இன்னிக்குக் காலையில வஞ்சிரம் வெட்டும்போது கத்தி வழுக்கி விரல்ல இறங்கிடுச்சு. பக்கத்துல பாதி எழுதின கதை. அது மேல நாலு சொட்டு. நீ இருந்திருந்தா, "இன்னா மாமு, கதையில ரத்தம் பத்தலன்னு ஊத்திகினு கீறியா?"ன்னு கேட்டிருப்பே.

காசிமேட்டுல பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து மீன் வெட்டினோம். அஞ்சாவதோட நின்ன நான் எழுதிப் படிப்பேன். கையெழுத்து கேட்டா கட்டைவிரலை நீட்டுற நீ, செதில் சீவிக்கினே கேப்பே. நீ கொட்டாவி விட்ட இடத்தை அப்படியே அடிச்சிடுவேன். "கத்தியை எடுத்தவன் இன்னாத்துக்கு இம்மா நேரம் பேசறான்? குத்தச் சொல்லு" என்பே. குத்தினதும் கதை நிமிர்ந்து உக்காரும்.

ஐஸ் கம்பெனி வாசல்ல ஒரு ரவுடி இன்னொருத்தனை இடது கையால குத்திக் கொன்னதைப் பார்த்தது நாம ரெண்டு பேர்தான்; அது அவனுக்கும் தெரியும். போலீஸ்ல சொல்லப் பயந்துகினு கதையா எழுதினேன். பேரை மாத்தினேன். ஊரைக் காட்டுப்பள்ளி ஆக்கினேன்.

"அந்தப் பீச்சாங்கையையும் மாத்திடு மாமு."

"போய்யா, உனுக்கு இன்னா தெரியும்? கதைக்கு உசுரே அந்தக் கைதான்."

புனைபெயர்ல பத்திரிகையில வந்துச்சு. யாரோ அவனுக்குப் படிச்சுக் காட்டிட்டாங்க. அந்தப் பத்திரிகையைச் சுருட்டிக்கினு நம்ம எதிர்ல வந்து நின்னான்.

"ரெண்டு பேர்ல எவன்டா எழுதினது?"

ஊரையே கலாய்க்கிற என் வாய் ஒட்டிக்கிச்சு. நீ கையைத் துடைச்சுக்கினு எழுந்தே.

"நான்தான். இன்னா இப்போ?"

அவன் பேசவே இல்லை. வயித்துல ரெண்டு, விலாவுல ஒண்ணு. கொட்டிவெச்ச ஐஸெல்லாம் சிவந்துபோச்சு. ஆட்டோவுல உன் குடலை என் லுங்கியால அமுக்கிப் பிடிச்சுக்கினு, "ஏன்யா சொன்னே?"ன்னு கத்தினேன்.

"ஒரு நாளாவது ரைட்டரா இருந்துக்கறேன், வுடு" என்றே. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரத்தம் சூடா கீதுன்னு எழுதினியே... குளுருது மாமு. மாத்திடு."

ராயபுரம் பாலம் ஏறுறதுக்குள்ள உன் பேச்சு நின்னுடுச்சு.

கோர்ட்டுல கூண்டுல நிக்கவெச்சு, அந்தக் கதையை எழுதினது யாருன்னு கேட்டாங்க. "நான்தான்"னு சொன்னேன். ஒண்ணரை வருஷம் லேட்டு. அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகுல கீது.

புனைபெயரைத் தூக்கிப் போட்டுட்டேன், மாமு. இப்ப ஒவ்வொரு கதைக்கு மேலயும் என் முழுப் பேரு, என் தெரு. எவனாவது சுருட்டிக்கினு வந்தா, நேரா என்கிட்டதான் வரணும். பக்கத்துல நிக்கிறவன் எவனும் வாயைத் திறக்கக் கூடாது.