மரங்கொத்திக்கு எந்த லென்ஸ்?

என்னங்க,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி செருப்பு அலமாரிக்குள் இருக்கிறது. நீங்கள் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கி வந்த இரண்டு டெலிபோட்டோ லென்ஸில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள, கடைக்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். கனமானதா, இலேசானதா என்று அதற்குள்ளாவது முடிவு பண்ணுங்கள். குஞ்சுகள் பொந்தை விட்டுப் பறக்கும் அந்த ஒரு படத்துக்காக நாலு மாதமாய் மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்.

நேற்று நான், "இலேசானதே போதுமே, உங்களுக்குக் கை நடுங்குது" என்றேன். "பறவையைப் பத்தி உனக்கென்ன தெரியும்? வாயை மூடு" என்றீர்கள், உங்கள் தம்பி எதிரிலேயே. மூடிக்கொண்டேன்.

இன்று காலை ஆறரைக்கு, எதிர்ப் பட்டமரத்திலிருந்து உங்கள் மரங்கொத்திக் குஞ்சுகள் மூன்றும் ஒவ்வொன்றாய்ப் பறந்து போய்விட்டன. குளியலறை ஜன்னலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். கடைசிக் குஞ்சு நம் ஜன்னல் கம்பியிலேயே வந்து உட்கார்ந்தது. கை எட்டும் தூரம். உள்ளே நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுப்பவில்லை. வாயை மூடச் சொல்லியிருந்தீர்களே.

பி.கு.: அதை என் போனில் படம் எடுத்தேன். அலகில் ஒட்டியிருந்த மரத்தூள்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. கிளம்பும் முன் அழித்துவிட்டேன்.