பைக்குள் ஒரு மூச்சு

மார்ச் 3, செவ்வாய்

நாற்பத்தாறு வயதில், நீச்சல் குளத்துக்குள் இறக்கிக் கவிழ்க்கும் மாதிரி ஹெலிகாப்டர் கூண்டில் தலைகீழாகத் தொங்கினேன். நடுக்கடல் எண்ணெய் மேடையில் சமைக்கப் போகிறவனும் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டுமாம். மூக்கில் கிளிப், வாயில் குழாய், நெஞ்சில் ஒரு பை. மூழ்குவதற்கு முன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு பைக்குள் ஊத வேண்டும். அதையே திரும்பத் திரும்ப இழுத்து விட்டு, ஜன்னலைத் தள்ளி வெளியே வர வேண்டும்.

நான் என்ன செய்தேன்? இடுப்பளவு தண்ணீர் ஏறியதுமே கத்தித் தீர்த்துவிட்டேன். ஊதக் காற்றில்லை. இரண்டு பேர் என்னை மூட்டைபோல இழுத்துப் போட்டார்கள்.

பயிற்சி தரும் அம்மா சிரிக்கவில்லை. "நீங்க குடுக்கற மூச்சுதான் சார் அதுல இருக்கும். கத்திட்டு வந்தா பை என்ன பண்ணும்?"

மார்ச் 4

மறுபடியும் தோல்வி. இன்று கத்தவில்லை. எப்படி ஊத வேண்டும் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தேறிவிட்டார்.

மார்ச் 5

அடுத்த வாரம் கடைசி வாய்ப்பு. கோட்டை விட்டால் வேலை போச்சு. மனைவியிடம் சொன்னேன். "வாய மூடணும், அவ்வளவுதானே? நான் கத்துத் தரேன்," என்றாள்.

அவள் திட்டத் தொடங்கியதும் நான் மூச்சை இழுத்துக்கொண்டு பதில் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் பாடம். திட்ட விஷயம் தேடும் சிரமம் அவளுக்கு இல்லை.

மார்ச் 8

இன்று திட்டுக்குள் என் அக்காவையும் இழுத்தாள். நாக்கு துடித்தது. அடக்கினேன். முகம் கத்திரிக்காய் நிறமாகிவிட்டது என்றாள் மகள்.

மார்ச் 11

தேறிட்டேன்! தண்ணீர் ஏறும்போது மனைவி திட்டுவதாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 17

ஹெலிகாப்டரில் மேடைக்குப் போகும் வழியில் எஞ்சின் கோளாறு. எல்லோரையும் தயாராக இருக்கச் சொன்னார் விமானி. கீழே கடல். கிளிப்பை மாட்டினேன். செத்தோம்னுதான் நெனச்சேன் — பொண்ணு மொகம்தான் வந்துச்சு. ஆனா கத்தல. நான்! வாய மூடிட்டு உக்காந்திருந்தேன்.

எப்படியோ கரைக்குத் திருப்பி இறக்கிவிட்டார்கள். மனைவிக்குப் போன் செய்தேன். எடுத்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

"என்னங்க? என்னாச்சு? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" அவள் அழுவது கேட்டது. "ஏதாவது பேசுங்க. இனிமே திட்டவே மாட்டேன்."

மூக்கில் கிளிப் இன்னும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கழற்றிவிட்டுத் தொடங்கினேன். போனில் சார்ஜ் தீரும்வரை பேசினேன். அவள் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.